வெப்பேக்கை விட்டு எங்கே போகலாம்? வைட், ஆர்எஸ்பேக், டர்போபேக் ஓட்டுறவங்க கொஞ்சம் வாங்க

பொம்மசந்திரா_பையன் | செவ்வாய், இரவு 9:42

எலக்ட்ரானிக் சிட்டியில ஃப்ரண்ட்-எண்ட் வேலை. ஒரு பேங்கோட உள் வேலைக்கான அப்ளிகேஷன். ஊழியர்கள் காலையில திறந்தா சாயந்தரம்தான் மூடுவாங்க. ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட். எழுதின ஃபைல்களைச் சேர்த்து பிரவுசருக்கு ஏத்த மாதிரி கட்டிக் கொடுக்கிற பில்ட் டூல்கள்தான் வெப்பேக், வைட் எல்லாம். எங்க அப்ளிகேஷன் வெப்பேக் 4 காலத்துல பிறந்தது. அதை ஓட்டுற நோட் ஜேஎஸ்ஸை 17க்கு ஏத்தினப்போ ஓபன்எஸ்எஸ்எல் எர்ரர் அடிச்சு பில்ட் படுத்துடுச்சு. லெகசி புரொவைடர் ஃபிளாக்கைப் போட்டு கொஞ்ச காலம் ஓட்டினாங்க, அப்புறம்தான் 5க்கு வந்தது. நான் சேர்ந்ததே அதுக்கப்புறம்.

இப்ப, கோட் எழுதும்போது ஓட்டுற டெவ் சர்வர் எழுந்திருக்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகுது. பட்டன் கலரை மாத்தி சேவ் பண்ணா திரையில தெரிய பத்து செகண்ட் கிட்ட. புரொடக்ஷன் பில்டைத் தட்டிவிட்டுட்டு டீ குடிக்கப் போறது எங்க டீம்ல சம்பிரதாயமே ஆயிடுச்சு.

மேனேஜர் எங்கேயோ படிச்சுட்டு வந்து, "எல்லாரும் வைட்டுக்குப் போயிட்டாங்க, அடுத்த ஸ்பிரிண்ட்ல நாமளும் போயிடலாம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"ன்னு முடிச்சுட்டார். எனக்கு வயித்தைக் கலக்குது. மாட்யூல் ஃபெடரேஷன் இருக்கு, அதாவது தனித்தனியா பில்ட் ஆன அப்ளிகேஷன்கள் ஓடும்போது ஒண்ணோட கோடை இன்னொண்ணு எடுத்துக்கும். எங்களுது ஹோஸ்ட், சென்னை டீமோட ரிப்போர்ட் ஸ்க்ரீன்கள் ரிமோட். கூடவே எப்பவோ யாரோ எழுதின ரெண்டு மூணு சொந்த லோடர்கள் (பில்ட்ல ஃபைலை மாத்திக் கொடுக்கிற கோட்). எழுதினவங்க வேலையை விட்டுப் போயாச்சு. டெஸ்ட் எல்லாம் ஜெஸ்ட்ங்கிற டூல்ல.

வைட்டா, வேற ஏதாவதா, இல்ல இருக்கிறதையே தேத்தலாமா?

---

பெல்லந்தூர்_ஏரிக்கரை | செவ்வாய், இரவு 9:55

வைட். வேற பேச்சே வேணாம் மச்சி. இன்னமும் வெப்பேக் கான்ஃபிக் எழுதிட்டு இருந்தா ரெஸ்யூமுக்கே அசிங்கம்.

---

ஜெயநகர்_நாலாவது_பிளாக் | செவ்வாய், இரவு 10:31

தம்பி, மேலே ஒருத்தர் சொன்னதைக் கேட்டு நாளைக்கே கிளம்பிடாதீங்க. வைட் ஏன் வேகமா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா உங்க அப்ளிகேஷன்ல அந்த வேகம் கிடைக்குமான்னு நீங்களே கணிக்கலாம்.

வெப்பேக் டெவ் சர்வர் எழும்போது நுழைவு ஃபைல்ல ஆரம்பிச்சு, இம்போர்ட் போகிற இடமெல்லாம் போய், எல்லாத்தையும் மாத்தி, கட்டி, அப்புறம்தான் முதல் பக்கத்தைக் காட்டும். நீங்க லாகின் பக்கத்தை மட்டும் பார்க்கணும்னாலும் ரிப்போர்ட் பக்கத்துக்கான வேலையும் நடந்திருக்கும். வைட் இதைத் திருப்பிப் போட்டது. பிரவுசருக்கே இப்ப இம்போர்ட், எக்ஸ்போர்ட் புரியும். அதனால டெவ்ல அது உங்க கோடைக் கட்டுறதே இல்லை. பிரவுசர் எந்த ஃபைலைக் கேட்குதோ அதை மட்டும் அப்பவே மாத்திக் கொடுக்கும். நோட் மாட்யூல்ஸ்ல இருக்கிற லைப்ரரிகளை மட்டும் எஸ்பில்ட் வச்சு முன்கூட்டியே கட்டி கேஷ்ல வச்சுக்கும். எஸ்பில்ட் கோ மொழியில எழுதினது. எழுதின இவான் வாலஸ் ஃபிக்மாவை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர். பல வேலையை ஒரே நேரத்துல எல்லா கோர்லயும் ஓட்டுறதால அதோட வேகத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதின கருவிகள் பக்கத்துலகூட வர முடியாது.

சிக்கல் எங்கேன்னா, வைட் 7 வரைக்கும் டெவ்ல எஸ்பில்ட், புரொடக்ஷன்ல ரோலப். ரெண்டு வேற எஞ்சின். இம்போர்ட்டுக்குப் பதிலா ரிக்வயர் போடுற காமன்ஜேஎஸ் பாணியில எழுதின பழைய லைப்ரரி ஒண்ணு டெவ்ல சமர்த்தா ஓடிட்டு, புரொடக்ஷன்ல "டிஃபால்ட் என்பது ஃபங்ஷன் அல்ல"ன்னு விழும். பேங்க் அப்ளிகேஷன்ல அது வெள்ளிக்கிழமை சாயந்தரம்தான் விழும். இந்தப் பிளவை ஒழிக்கத்தான் ரோல்டவுன். ரஸ்ட் மொழியில எழுதினது, வைட்டை உருவாக்கின இவான் யூ 2024ல ஆரம்பிச்ச வாய்ட்ஜீரோ கம்பெனியோடது. வைட் 8ல டெவ், புரொடக்ஷன் ரெண்டுக்கும் அதுதான் அடித்தளம். புது அப்ளிகேஷன்னா கண்ணை மூடிட்டு வைட்டுன்னு நானும் சொல்லுவேன். உங்களுது புதுசு இல்லை.

ஒரு கேள்வி: அந்தப் பத்து செகண்ட் எதுல போகுது? அளந்தீங்களா?

---

அல்சூர்_முனை | செவ்வாய், இரவு 10:40

ஜாவா பேக்-எண்ட் ஆளு நான். மேவன் வந்து இருபது வருஷம் ஆச்சு, இன்னும் அதேதான். உங்க ஊர்ல தீபாவளிக்கு ஒரு பில்ட் டூல், பொங்கலுக்கு ஒரு பில்ட் டூல். நடத்துங்க.

---

மல்லேஸ்வரம்_அக்கா | செவ்வாய், இரவு 11:08

@அல்சூர்_முனை மேவனுக்குப் போட்டியான கிரேடில் பேரைச் சொன்னா உங்க டீமே ரெண்டா உடையும்னு எங்களுக்கும் தெரியும் சார்.

@பொம்மசந்திரா_பையன் கிரியேட் ரியாக்ட் ஆப்ல (உள்ளே வெப்பேக் வச்சு ரியாக்ட் புராஜெக்டை ஆரம்பிச்சுக் கொடுக்கிற டூல்) இருந்து வைட்டுக்கு ஒரு பெரிய அப்ளிகேஷனை மாத்தின டீமை நான் நடத்தினேன். கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரியில ரியாக்ட் டீமே அதிகாரபூர்வமா கைவிட்டுட்டாங்க, அதனால எங்களுக்கு வேற வழி இல்லை. முடிச்ச பிறகு டெவ் அனுபவம் சொர்க்கம், அதுல மாற்றுக் கருத்து இல்லை. வழியில என்னென்ன இடிச்சதுன்னு சொல்றேன்.

என்விரான்மென்ட் மாறிகள் முதல்ல. வெப்பேக்ல புராசஸ் டாட் என்வ்னு எழுதினது எல்லாம் இம்போர்ட் டாட் மெட்டா டாட் என்வ் ஆகணும். வைட்டுன்னு முன்னொட்டு இருக்கிற மாறிகள்தான் பிரவுசர் கோடுக்குள்ள போகும். ஒரு ஜூனியர் பையன் "மாறி வரலையே"ன்னு எல்லாத்துக்கும் முன்னொட்டைப் போட்டு வச்சான். அதுல ஒண்ணு சர்வர் பக்க ரகசியச் சாவி. முன்னொட்டு வச்சா அது பில்ட் ஆன ஃபைல்ல அப்பட்டமா உட்காரும், யார் வேணும்னாலும் பிரவுசர்ல திறந்து படிக்கலாம். ரிவ்யூல பிடிச்சோம். பேங்க் வேலைன்னா இதை முதல்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க.

அடுத்து டைப் சோதனை. எஸ்பில்ட் டைப்ஸ்கிரிப்டை வெறுமனே உரிச்சுப் போடும், சரியா தப்பான்னு பார்க்காது. டைப் எர்ரரோட அப்ளிகேஷன் ஜோரா ஓடும். அதனால கோடைத் தானா சோதிக்கிற சிஐ-ல, டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சி-யைத் தனியா ஓட்டியே ஆகணும். ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியா பார்க்கிறதால டைப்பை மறு ஏற்றுமதி செய்யுற இடத்துல எக்ஸ்போர்ட் டைப்புன்னு தெளிவா எழுதணும். டெக்கரேட்டர் மெட்டாடேட்டாவை நம்பி இருக்கிற லைப்ரரி ஏதாவது உங்ககிட்ட இருந்தா எஸ்பில்ட் அதை ஆதரிக்காது. வைட் 7 வரைக்கும் அங்கேயே நின்னுடுவீங்க.

ரிக்வயர் டாட் கான்டெக்ஸ்ட் இருக்கிற இடமெல்லாம் குளோப் இம்போர்ட்டா மாறணும், ஜெஸ்ட்டை வைட்டோட சேர்ந்து ஓடுற வைடெஸ்ட்டா மாத்தணும். இது எல்லாம் கை வேலை, அலுப்பு, அவ்வளவுதான்.

யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு: பேங்க் மெஷின்ல என்ன பிரவுசர்? வைட் 7ல இயல்பான இலக்கு குரோம் 107, சஃபாரி 16ன்னு ஏறிடுச்சு. ஐடி டிபார்ட்மென்ட் குரோமைப் பூட்டி வச்சிருந்தா இலக்கைக் கீழே இறக்கணும். அப்பவும் சின்டாக்ஸை மட்டும்தான் இறக்கும், பாலிஃபில் (பழைய பிரவுசர்ல இல்லாத வசதியை நிரப்புற கோட்) சேர்க்காது. அதுக்கு லெகசி பிளகின் தனியா போடணும்.

ஒரு ஸ்பிரிண்ட்ல முடியும்னு சொன்னவர் இந்தப் பதிவைப் படிக்கட்டும்.

---

பெல்லந்தூர்_ஏரிக்கரை | புதன், காலை 8:15

அக்கா பயமுறுத்துறாங்க. நாங்க வாரக்கடைசியில மாத்திட்டோம், ஒண்ணும் ஆகலை. ஸ்டார்ட் பண்ணா கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ரெடி. நம்பர் எதுக்கு, கண்ணால பாருங்க.

---

மல்லேஸ்வரம்_அக்கா | புதன், காலை 8:32

எத்தனை ஃபைல் தம்பி உங்க அப்ளிகேஷன்ல? ஸ்டார்ட்-அப்ல புதுசா ஆரம்பிச்சதை மாத்துறது வேற, ஆறு ஏழு வருஷமா பல கைகள் எழுதினதை மாத்துறது வேற.

இன்னொண்ணு. சர்வர் "ரெடி"ன்னு சொல்றதும் பக்கம் திரையில வர்றதும் வேற வேற. வைட்ல சர்வர் சட்டுனு எழும், உண்மை. ஆனா பக்கத்தை முதல்ல திறக்கும்போது பிரவுசர் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி ரிக்வெஸ்ட் போடும். ஆயிரக்கணக்கான மாட்யூல்னா நெட்வொர்க் டேப் அருவி மாதிரி கொட்டும். பல ஃபைலை ஒரே இண்டெக்ஸ்ல இருந்து மறு ஏற்றுமதி செய்யுற பேரல் ஃபைல் இருந்தா இன்னும் மோசம். இண்டெக்ஸ் ஃபைல்ல இருந்து ஒரே ஒரு ஐகானைக் கேட்டா அந்த இண்டெக்ஸ் கைகாட்டுற எல்லாமே வந்து இறங்கும். கோட் உங்க லேப்டாப்ல இல்லாம விபிஎன் தாண்டி ரிமோட் மெஷின்ல இருந்தா ஒவ்வொரு ரிக்வெஸ்டும் அத்தனை தூரம் போய் வரணும். அங்கே வெப்பேக் பாணியே மேல்னு ஆயிடும்.

---

புதுசா_வந்தவள் | புதன், காலை 9:20

குறுக்கே கேட்கிறதுக்கு மன்னிக்கணும். கோயம்புத்தூர்ல படிச்சு முடிச்சுட்டு இப்பதான் பிடிஎம் லேஅவுட்ல பிஜி-ல தங்கி வேலை தேடுறேன். கோர்ஸ்ல வைட் மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாங்க. இன்டர்வியூவுக்கு வெப்பேக்கும் படிக்கணுமா?

---

ஜெயநகர்_நாலாவது_பிளாக் | புதன், காலை 9:47

படிம்மா, ஆனா கான்ஃபிக்கை மனப்பாடம் பண்ணாதே. லோடருக்கும் பிளகினுக்கும் என்ன வித்தியாசம், பயன்படாத கோடை உதிர்க்கிற ட்ரீ ஷேக்கிங் ஏன் இம்போர்ட் பாணி ஈஎஸ் மாட்யூல்ல நடக்குது, காமன்ஜேஎஸ்ல ஏன் தடுமாறுது, ஃபைல் பேர்ல ஹேஷ் எதுக்கு. இந்த ஊர்ல சுத்திச் சுத்தி இதைத்தான் கேட்பாங்க. ரிக்வயர்ங்கிறது ஓடும்போது முடிவாகிற ஒரு ஃபங்ஷன் அழைப்பு, அதை இஃப் உள்ளேகூட எழுதலாம். இம்போர்ட்டை ஓட்டாமலேயே படிச்சுப் பார்த்து எது வேணும், எது வேணாம்னு சொல்லிடலாம். இதை உன் வார்த்தையில சொன்னாலே பாதி பேர் தலையாட்டிடுவாங்க. முடிஞ்சா ஒரே சின்ன புராஜெக்டை ரெண்டுலயும் கட்டி, வெளியே வந்த ஃபைல்களைத் திறந்து பாரு.

---

கேஜிஎஃப்_காரன் | புதன், மதியம் 1:05

காலை ரயில்ல படிச்சுட்டே வந்தேன், இப்பதான் எழுத நேரம் கிடைச்சது. ஏரிக்கரை ப்ரோவும் அக்காவும் வைட் வேணுமா வேணாமான்னே அடிச்சுக்கிறீங்க. தலைப்புலயே ஆர்எஸ்பேக் இருக்கு, ஒருத்தரும் தொடலை.

ஆர்எஸ்பேக், டிக்டாக்கை உருவாக்கின பைட்டான்ஸ்காரங்க ரஸ்ட்ல எழுதினது. 2023ல வெளியே விட்டாங்க, 1.0 வந்தது 2024 ஆகஸ்ட். வெப்பேக்கோட கான்ஃபிக், லோடர், பிளகின் முறையை அப்படியே வச்சுக்கிட்டு உள்ளே எஞ்சினை மட்டும் மாத்துறதுதான் அவங்க நோக்கம். பொம்மசந்திரா, உன் பிரச்சினைக்கு அளந்து தைச்ச சட்டை இது. உன் சொந்த லோடர்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும். மாட்யூல் ஃபெடரேஷன் உள்ளேயே இருக்கு. அது வெப்பேக் 5ல, 2020ல வந்த வசதி. அதே நடைமுறையை இதுவும் பேசுறதால ஹோஸ்ட் ஆர்எஸ்பேக், ரிமோட் வெப்பேக்னு கலந்து ஓட்டலாம். சென்னை டீமை இன்னைக்கே மாறச் சொல்லி மெயில் அனுப்ப வேண்டியதில்லை.

வைட்லயும் ஃபெடரேஷனுக்கு பிளகின் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா முன்னாடி பரவலா இருந்த ஒண்ணுல, ரிமோட் பக்கத்தை டெவ்ல ஓட்டவே முடியாது, பில்ட் போட்டுத்தான் காட்டணும். வேகத்துக்காக மாறிட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில்ட் போட்டா என்ன லாபம்?

குறையையும் சொல்லிடுறேன். வேகம் முழுசா கிடைக்கணும்னா புது ஜாவாஸ்கிரிப்ட்டைப் பழைய வடிவத்துக்கு மாத்துற பேபல் லோடரைத் தூக்கிட்டு, அதே வேலையை ரஸ்ட்ல செய்யுற, உள்ளேயே வர்ற எஸ்டபிள்யூசி லோடரைப் போடணும். பேபலை விட்டு வச்சா ரஸ்ட் எஞ்சின் ஜாவாஸ்கிரிப்ட்டுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். உங்ககிட்ட விசேஷமான பேபல் பிளகின் இருந்தா அதுக்கு எஸ்டபிள்யூசி மாற்று இருக்கான்னு பாரு. வாஸம் (வெப்அசெம்பிளி) வடிவத்துல வர்ற அந்த மாற்றுப் பிளகின்களுக்கும் எஸ்டபிள்யூசி பதிப்புக்கும் பொருத்தம் பார்க்கணும். ஒண்ணை மட்டும் ஏத்தினா மத்தது முறைச்சுக்கும். வெப்பேக்கோட உள் பாகங்களைத் தொட்டு விளையாடுற பிளகின் இருந்தா அதுவும் சந்தேகம்தான்.

டர்போபேக் பத்தி: வெப்பேக்கை எழுதின டோபியாஸ் கோப்பர்ஸ்தான் வெர்செல்ல அதையும் நடத்துறார். 2022ல அறிவிச்சாங்க, வெர்செலோட ரியாக்ட் ஃபிரேம்வொர்க்கான நெக்ஸ்ட் ஜேஎஸ் 16ல இயல்பானதாவே ஆயிடுச்சு. ஆனா நீ நெக்ஸ்ட்ல இல்லை. அதனால உனக்கு அது இல்லை.

---

ஜெயநகர்_நாலாவது_பிளாக் | புதன், மதியம் 2:18

கேஜிஎஃப் சொல்றதோட பெரும்பாலும் ஒத்துப்போறேன். ஆனா அதுக்கும் முன்னாடி, இருக்கிற வெப்பேக்கைத் தேத்திப் பார்த்தீங்களா தம்பி? வெப்பேக் 5ல ஃபைல்சிஸ்டம் கேஷ் உண்டு. டெவ்ல இயல்பா மெமரி கேஷ்தான் இருக்கும், சர்வரை நிறுத்தினா போச்சு. கான்ஃபிக்ல டைப்பை ஃபைல்சிஸ்டம்னு மாத்தினா ரெண்டாவது தடவையிலேர்ந்து எழுற நேரம் நல்லா இறங்கும். 4லேர்ந்து வந்தவங்க பலர் பழைய கேஷ் லோடரைச் சுமந்துக்கிட்டே இருப்பாங்க.

சோர்ஸ் மேப் (கட்டின கோடை நீங்க எழுதின கோடோட பொருத்திக் காட்டுறது) எந்த வகைன்னு பாருங்க. டெவ்ல முழு சோர்ஸ் மேப் வச்சிருந்தா சேவ் பண்ற ஒவ்வொரு தடவையும் அதுக்குத் தண்டம் கட்டுறீங்க. டைப் சோதனை டிஎஸ் லோடருக்குள்ளேயே நடக்குதா, தனி புராசஸ்ல நடக்குதா? இன்னொண்ணு, கம்பெனி லேப்டாப்ல ஆன்டிவைரஸ் நோட் மாட்யூல்ஸை ஒவ்வொரு ஃபைலா மோந்து பார்க்குதா? அதுக்கு எந்த பில்ட் டூலும் மருந்து இல்லை. ஐடி-க்கு டிக்கெட் போடணும்.

---

பொம்மசந்திரா_பையன் | வியாழன், இரவு 10:20

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாளா இதே வேலைதான்.

ஜெயநகர் சார் சொன்னபடி அளந்தேன். நேரத்தில பெரும்பங்கு ரெண்டு இடத்துல: பேபல் லோடர், அப்புறம் டிஎஸ் லோடர் உள்ளேயே ஓடுற டைப் சோதனை. ஒரே ஃபைல் ரெண்டு தடவை மாறுது, முதல்ல டிஎஸ், பிறகு பேபல். ஏன்னு கேட்டா டீம்ல யாருக்கும் தெரியலை. டைப் சோதனையைத் தனி புராசஸுக்குத் தள்ளி, ஃபைல்சிஸ்டம் கேஷைப் போட்டதுமே சேவ் பண்ணி திரையில தெரியுற நேரம் பாதிக்கும் கீழே வந்துடுச்சு. ஆன்டிவைரஸ் டிக்கெட் போட்டாச்சு, "அண்டர் ரிவ்யூ"ன்னு பதில் வந்திருக்கு.

ஒரு பிராஞ்ச்ல ஆர்எஸ்பேக்கையும் முயற்சி பண்ணேன். கான்ஃபிக்ல நினைச்சதை விடக் கம்மியாத்தான் கை வைக்க வேண்டியிருந்தது. சொந்த லோடர் ரெண்டு அப்படியே ஓடுச்சு. மூணாவது வெப்பேக்கோட உள் ஆப்ஜெக்ட் ஒண்ணை நேரா தொடுது, அங்கே விழுந்தது. படிச்சுப் பார்த்தா, அது செய்யுற வேலைக்கு இப்ப லோடரே தேவையில்லை, சிஎஸ்எஸ் மாறியே போதும். தூக்கிட்டேன்.

வைட் பிராஞ்சும் போட்டேன், மேனேஜர் கேட்டாரேன்னு. லாகின் பக்கம் வரைக்கும் பிரமாதம். ஃபெடரேஷன்ல போய் நின்னுச்சு.

மேனேஜர்கிட்ட ஆர்எஸ்பேக்னு சொன்னேன். "வைட் இல்லையா?"ன்னார். "வேகம் வேணுமா, வைட் வேணுமா சார்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "டெமோ காட்டு"ன்னார்.

---

பெல்லந்தூர்_ஏரிக்கரை | வியாழன், இரவு 10:34

ஃபெடரேஷன் இருக்கிறவங்களுக்கு ஆர்எஸ்பேக், ஒத்துக்கிறேன். மத்த எல்லாருக்கும் வைட். இதுக்கு மேல இறங்கி வரமாட்டேன் 😄

---

மல்லேஸ்வரம்_அக்கா | வெள்ளி, காலை 7:50

நல்லது. டூல் எதுவா இருந்தாலும் ஒண்ணைச் சேர்த்துப் பண்ணுங்க. உங்க ஊழியர்கள் நாள் முழுக்க டேபைத் திறந்தே வச்சிருப்பாங்கன்னு சொன்னீங்க. நடுவுல நீங்க டிப்ளாய் பண்ணா ஃபைல் பேர்ல இருக்கிற ஹேஷ் மாறி, பழைய சங்க் ஃபைல்கள் (பில்ட் பிரிச்சு வச்ச துண்டுகள்) சர்வர்ல காணாம போகும். பழைய டேப்ல ஒருத்தர் புது ஸ்க்ரீனைத் திறந்தா சங்க் லோட் எர்ரர், வெள்ளைத் திரை. பழைய ஃபைல்களை உடனே அழிக்காம கொஞ்ச நாள் விட்டு வைங்க, அந்த எர்ரரைப் பிடிச்சு பக்கத்தை ஒரு தடவை ரீலோட் பண்ணுங்க. வைட்ல இதுக்குன்னே பிரீலோட் எர்ரர்னு ஒரு ஈவென்ட் இருக்கு. உங்க பக்கம் நீங்களே எழுதணும். ரீலோட் சுழல்ல மாட்டாம பார்த்துக்குங்க.

---

கேஜிஎஃப்_காரன் | வெள்ளி, காலை 9:12

டெமோவுக்கு முன்னாடி சென்னை டீம்கிட்ட ஒண்ணு கேளு. ரியாக்டை ஷேர்டுல சிங்கிள்டனா, அதாவது ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பிரதியா வச்சிருக்கீங்கல்ல? அவங்க பதிப்பு என்ன?

---

பொம்மசந்திரா_பையன் | வெள்ளி, காலை 9:30

கேட்டேன் அண்ணா. அவங்க 17, நாங்க 18. இப்ப வெப்பேக்ல ஓடிட்டுத்தான் இருக்கு.

---

கேஜிஎஃப்_காரன் | வெள்ளி, காலை 9:41

ஓடும். சிங்கிள்டன்கிறதால பெரிய பதிப்பை ரெண்டு பேருக்கும் கொடுத்துடும், கன்சோல்ல மஞ்சளா ஒரு எச்சரிக்கை மட்டும் விழும். விழுதா?

---

பொம்மசந்திரா_பையன் | வெள்ளி, காலை 9:44

விழுது. யாரும் பார்க்கிறதில்லை.

---

கேஜிஎஃப்_காரன் | வெள்ளி, காலை 9:58

அந்த எச்சரிக்கையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதியோட, ஆர்எஸ்பேக் புல் ரிக்வெஸ்ட்லயே போட்டு வை. ஷேர்டு அமைப்புல ஒரு எழுத்தைக்கூட இந்த மாற்றத்தோட சேர்த்துத் தொடாதே. ஸ்ட்ரிக்ட் வெர்ஷனைப் போடுன்னு யாராவது ரிவ்யூல ஆசைப்படுவாங்க. போட்டா எச்சரிக்கை எர்ரரா மாறி ரிப்போர்ட் ஸ்க்ரீன் விழும், பழி புது டூல் மேல வரும். சென்னைக்காரங்க 18க்கு ஏறுறது தனி டிக்கெட்.